மரப்பொந்தில் வாழ்ந்த வௌவால்

மாம்புரிக் கரையில் அந்தி சாய்ந்ததும் இலுப்பையையும் மாமரத்தையும் நாடிப் பறக்கும் பழந்தின்னி வௌவாலைக் காண்போரிற் சிலர், அதனைத் தோட்டத்தின் பகையெனவே கருதுவர். அன்னோர் அறியத்தக்க செய்தியொன்று, இதே இந்துமாகடலில், தமிழரும் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரீசியசுத் தீவில் உண்டு.

அத்தீவிலும் அண்டையிலுள்ள ரீயூனியனிலுமன்றி உலகில் வேறெங்கும் இல்லாத சிறு பழந்தின்னி வௌவாலினம் ஒன்று முன்னர் வாழ்ந்தது. அதன் கழுத்தைச் சூழச் செந்நிற மயிர். சிறகை விரித்தால் ஏறத்தாழ 2 அடி. முதுமரப் பொந்துகளிலும் குகைகளிலும் அவை கூட்டமாகப் பகலைக் கழித்தன. குடியேறிய மக்கள் இறைச்சிக்கும் கொழுப்புக்குமாக அவற்றை வேட்டையாடினர், காட்டையும் வெட்டினர். ஒரு மரம் வீழ்ந்தால் ஒரு கூட்டமே உறைவிடம் இழந்தது. ரீயூனியனில் அவை அருகிவிட்டமையை லா நூ என்பார் 1772-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 19-ஆம் நூற்றாண்டு முடியுமுன் இனமே அற்றது. குகைகளிற் கிடைத்த எலும்புகளும் அருங்காட்சியகத் தோல்கள் சிலவுமே எஞ்சின.

மொரீசியசில் உயிரோடிருக்கும் மற்றோரினமும், மாவையும் லிச்சியையும் அழிக்கின்றதென்று 2015 முதல் அரசாணையாற் கொல்லப்பட்டது. 2018-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையிற் சேர்ந்தது.

மாம்புரியின் வௌவாலினம் இந்தியாவிலும் பரந்து வாழ்வது. எனினும், பெண் வௌவால் ஆண்டிற்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். இழப்பை விரைவில் ஈடுசெய்தல் அதற்கு அரிது. இலுப்பை வித்தைத் தொலைவிற் கொண்டுசென்று இட்டுப் புதுமரம் எழச் செய்வதும் அதுவே. மரத்தின்மேல் வலையை இறுக விரித்தால் மாங்கனியும் தப்பும், வௌவாலும் பிழைக்கும்.