சேற்றின் பூர்வீகம்



எங்கள் கேரி தீவு மண்ணில் கல் கிடையாது. பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் சாம்பல்நிறச் சேறுதான் வரும். ஒருநாள் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கருங்கல் துண்டொன்றைக் கொண்டுவந்து, "சார், நம்ம தீவுலயும் கல் இருக்கு!" என்றான். அது சாலை போட லாரியில் வந்த கல். சொல்லிச் சிரித்தேன். "அப்படின்னா இந்தச் சேறு எந்த லாரியில சார் வந்துச்சு?" என்றான் அவன். என் சிரிப்பு நின்றது.

அந்த லாரி லங்காட் ஆறு. தித்திவங்சா மலைத்தொடரில் நுவாங் மலைப்பக்கம் பிறந்து, காஜாங், டெங்கில் வழியாக இறங்கி, எங்கள் தீவோரம் கடலில் சேர்கிறது. மலாக்கா நீரிணையின் அலையும் தன் பங்குக்குச் சேற்றைக் கொண்டுவந்து போடுகிறது. எது யாருடைய சரக்கு என்று பிரிப்பது எப்படி?

கருங்கல் மழையிலும் வெயிலிலும் இற்றுப்போகும்போது அதன் ஒரு பகுதி களிமண்ணாகிறது. சிர்க்கான் என்னும் நுண்மணி மட்டும் எளிதில் அழியாது. முன்பு ஈய லம்பங்களில் பெண்கள் டூலாங் தட்டில் மணலை அரித்தார்கள் அல்லவா? ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனத்த மணலுக்கு 'அமாங்' என்று பெயர். சிர்க்கான் அதில் உண்டு. ஆராய்ச்சியாளரும் ஏறக்குறைய அதே வழியில்தான் அந்த மணியைப் பிரித்தெடுக்கிறார்கள்.

சிர்க்கான் உருவாகும்போது சிறிது யுரேனியத்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அது மெல்ல மெல்லக் காரீயமாக மாறும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் மணியின் வயது தெரியும். தித்திவங்சாக் கருங்கல்லுக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். அவ்வயது மணிகள் மிகுந்திருந்தால் மலையின் மீது சந்தேகம் விழும். சந்தேகம்தான், தீர்ப்பல்ல. மலையிலிருந்து நேரே வந்ததா, இடையில் ஒரு மணற்பாறையில் பல காலம் தங்கிப் புறப்பட்டதா என்பதை வயது மட்டும் சொல்லாது. இமயத்து மண் கங்கை வழியே வங்கக் கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பரவியதையும் இத்தகைய மணிகளோடு வேறு சான்றுகளையும் சேர்த்துத்தான் ஆராய்கிறார்கள். மென்சேற்றுக்குக் களிமண்ணின் வகையையும் பார்க்க வேண்டும்.

இதனால் எங்களுக்கு என்ன? தீவின் செம்பனை நிலம் பெருமளவு கடலேற்ற மட்டத்துக்கும் தாழ்ந்தது, மண்கரைகள்தாம் காக்கின்றன. கரைக்கு வெளியே அலையாத்திக் காடு நிற்கச் சேறு வேண்டும். அச்சேறு ஆற்றுச் சரக்கானால், உலு லங்காட்டு அணை தேக்கிவைக்கும் மண்ணும், மேலே அள்ளும் மணலும் எங்கள் கணக்கில்தான் குறையும். கடற்சரக்கானால் வழக்கே வேறு.

அம்மாணவனும் நானும் கண்ணாடிக் குவளையில் ஆற்று மணலையும் தீவுச் சேற்றையும் நல்ல நீரில் கலக்கி வைத்தோம். மணல் உடனே படிந்தது. மறுநாள் மணியடிக்கும்போதும் நீர் கலங்கலாகவே இருந்தது.