சீட்டு இறங்காத நாள்

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவன் மேடையேறினால் விடுதிச் சாம்பாரைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். விடுதிக் காப்பாளர் ஐயா மன்னிக்கணும்!

ரம்மி இல்லை. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டம். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்கிற கணித முனைவர் உருவாக்கியது. இதில் பொதுக் கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் 60 சீட்டைப் பொறுக்கித் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வர வேண்டும். அதில் 24 வாக்கில் 'நிலம்' இருக்கும். நிலம் இறங்கினால்தான் மற்ற சீட்டுகளை ஆட முடியும். நிலமே வரலைன்னா? கையில் எத்தனை பெரிய பூதம் இருந்தாலும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் என் மகன் வாரந்தோறும் கடைப் போட்டிக்குப் போவான். ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தான். "அப்பா, ஏழு சீட்டுல ஒரே ஒரு நிலம். துணிஞ்சு வெச்சுக்கிட்டேன். ஜெயிச்சுட்டேன்!" நானும் "சபாஷ்டா" என்றேன். அடுத்த வாரம் அதே மாதிரிக் கை, அதே துணிச்சல். முதல் சுற்றிலேயே அடி. "சீட்டே இறங்கலப்பா, எல்லாம் அதிர்ஷ்டம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதே கல்லூரியில் குடத்திலிருந்து சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து எடுத்தோமே, அதே கணக்குதான். முதல் ஏழு சீட்டில் நிலம் ஒன்றோ பூஜ்யமோ வருவதற்கு வாய்ப்பு 14 சதவீதம். ஏறக்குறைய ஏழு ஆட்டத்துக்கு ஒன்று. உலக சாம்பியனுக்கும் இது வந்தே தீரும். ஆனால் ஒற்றை நிலத்தோடு உட்கார்ந்தால், அடுத்த இரண்டு சீட்டிலும் நிலம் வராமல் போக வாய்ப்பு 32 சதவீதம். இத்தனைக்கும் கையை மாற்ற விதி இருக்கிறது. 2019 முதல், புதிதாக ஏழு எடுத்து ஒன்றைக் கட்டின் அடியில் வைத்துவிடலாம். ரம்மியில் 20 பாயிண்ட் கொடுத்து ஸ்கூட் விடுகிறோமே, அந்த மாதிரி. புதிய ஏழில் இரண்டு முதல் ஐந்து நிலம் வர 84 சதவீதம்!

ஆக, பையன் இரண்டு வாரமும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறான். முதல் வாரம் அந்தத் தப்புக்குச் சபாஷ் போட்டவன் நான்.

இன்னொரு காட்சி. 2006, ஹொனலூலு புரோ டூர் அரையிறுதி. இங்கிலாந்தின் கிரேக் ஜோன்ஸும் பிரான்ஸின் ஒலிவியே ரூயெலும் மோதுகிறார்கள். அடுத்த முறை ரூயெல் தாக்கினால் ஜோன்ஸ் கதை முடிந்தது. ஜோன்ஸ் கையில் நாலு புள்ளி அடிக்கும் சீட்டு ஒன்று. நம்மைப் போன்றவர்கள் அதை எதிரியின் பூதத்தின் மேல் போட்டு ஒரு சுற்றாவது தப்பிக்கப் பார்ப்போம். அப்படித் தப்பித்தாலும் பிறகு ஜெயிக்க வழியில்லை என்பது அவர் கணக்கு. நேராக ரூயெல் மேலேயே போட்டார். ரூயெலுக்கு மீதி மூன்று உயிர்ப்புள்ளி. அடுத்து உருவிய சீட்டு 'லைட்னிங் ஹீலிக்ஸ்', சரியாக மூன்று புள்ளி அடிப்பது! (இறுதியாட்டத்தில் அவர் தோற்றார் என்பது வேறு கதை.) சீட்டு வந்தது அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வராமல் வேறு சீட்டு வந்திருந்தாலும் அவர் எடுத்த முடிவு சரியான முடிவுதான். அப்போது யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவே.

ஒரு ஆட்டத்தில் 60 சதவீதம் ஜெயிக்கக்கூடியவன், மூன்றில் இரண்டு என்று வைத்தால் 65 சதவீதம் ஜெயிப்பான். திறமை தலைகாட்ட இப்படிப் பல ஆட்டம் வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் மகன் திரும்பி வந்தால் ஜெயிச்சியான்னு நான் முதலில் கேட்பதில்லை. எந்தக் கையை வெச்சுக்கிட்டே என்றுதான் கேட்கிறேன். சில நாள் பதில் சொல்லாமல் நேரே குளிக்கப் போய்விடுகிறான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.