தம்மவரை நோக்கி உரைத்த வாய்மை
(மாத்தளையில் ஆற்றப்பெற்ற உரை)



“சமயகுருவுக்கு அரசியல் எதற்கு?” என்று வினவுவோர் எக்காலத்தும் உளர். மாத்தளை மண்ணில் நின்று அவ்வினாவை எழுப்புவது பொருந்தாது. 1848ஆம் ஆண்டு, அந்நியர் விதித்த வரிகளை எதிர்த்து இம்மாவட்டத்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பெற்றார். அக்கிளர்ச்சியின் பேரால் குடாப்பொல தேரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் துயரைத் தம் துயராகக் கொண்ட துறவி, ஆள்வோர் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தோன்றுவது இந்நாட்டிற்குப் புதிதன்று.

இன்று நாம் நினைவுகூர்பவர் அங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர், பிறப்பால் சிங்களவர். மாத்தளையையும் தன்னகத்தே கொண்ட குருநாகல் மறைமாவட்டத்தை இருபதாண்டுக் காலம் வழிநடத்திய லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவர்களே அப்பெரியார்.

1927இல் செல்வாக்கு மிக்க குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். தந்தையார் சிவில் சேவை உத்தியோகத்தர். தமையனார் எஸ்மண்ட், பத்திரிகையுலகில் பெரும் புள்ளி. அத்தமையனாரின் புதல்வரே பிற்காலத்தில் பிரதமராகவும் சனாதிபதியாகவும் விளங்கிய ரணில் விக்கிரமசிங்க. கொழும்பு றோயல் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்ட் ஆகிய இடங்களிற் பயின்ற ஒருவருக்கு எந்தப் பதவிதான் எட்டாக்கனி? அவர் தெரிந்துகொண்டதோ குருத்துவம். பேராதனையில் மாணவரிடையே பணிபுரிந்தார். 1962இல், முப்பத்தைந்தே வயதில், ஆயராகத் தெரிவானார்.

அவர் ஏற்ற மறைமாவட்டம் எத்தகையது? சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் அருகருகே கிடக்கும் நிலம் அது. 1854இல் கண்டிப் பகுதியிலே தோட்டத் தமிழருக்கெனத் தொடங்கிய மிஷன் பணியின் வழிவந்த சபைகளும் அதனுள் அடங்கும். ஒரே ஆயரின் கீழ் ஒருபுறம் காணியற்ற சிங்கள உழவன். மறுபுறம் நாடற்றவனாக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளி. இருவரில் ஒருவனை மறந்தால் மற்றவனுக்கு நீதி சொல்ல இயலாது.

உழவர் பெருமக்களே! 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். நெற்காணிக்கு 25 ஏக்கர், ஏனைய காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காணியற்றவனுக்குக் காணி வேண்டும் என்பது நியாயம். ஆயின் அம்மலைகளைக் காடழித்துப் பயன்நிலமாக்கிய தமிழ்த் தொழிலாளிக்கு அதனால் விளைந்தது என்ன? எழுபதுகளிலே தோட்டங்களில் பசி தாண்டவமாடிற்று. லயன்களைவிட்டு விரட்டப்பட்டோரும் உளர். ஒருவனுக்குச் செய்யும் நீதி இன்னொருவனுக்கு அநீதியாக முடியுமாயின், அது அரைகுறை நீதியே.

1971 ஏப்ரலில் தெற்கிலே இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர். அரசு அவர்களை அடக்கிற்று, பல்லாயிரவர் சிறைப்பட்டனர். அவர்களுக்காகப் பேசுவோரையும் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அந்நாளில் எழுந்ததே குடியியல் உரிமைகள் இயக்கம். அதன் நிறுவுநர்களுள் ஒருவர் நம் ஆயர்; பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார். கிளர்ச்சிக்காரனின் கொள்கையை ஏற்காமலே, அவனுக்கும் சட்டத்தின் காப்பு உண்டென்று வாதாடுவது எளிய செயலன்று. அவ்வியக்கம் அன்று சிங்கள இளைஞனுக்காகப் பேசியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபொழுது, தமிழ் இளைஞனுக்காகவும் அதே நெறியில் நின்றே பேசியது. கற்றறிந்த அன்பர்கள், குறிப்பாகச் சட்டத்துறையினர், இதனைச் சிந்தித்தல் வேண்டும். பிறன் மகனுக்கு மறுக்கப்படும் விசாரணை, நாளை நம் மகனுக்கும் மறுக்கப்படும்.

1977இல் அமைந்த ஆட்சியிலே அவருடைய தமையன் மகனும் அமைச்சராயிருந்தார். உறவு அவர் வாயை அடைக்கவில்லை.

பின்னர் வந்தது 1983 ஜூலை. கொழும்பில் மூண்ட தீ மலையகத்திற்கும் பரவிற்று. இந்த மாத்தளை நகரிலே தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. “அவர்கள் தூண்டினார்கள், இவர்கள் பொறுமையிழந்தார்கள்” என்று கணக்குக் கூறியோர் பலர். ஆயரோ அக்கணக்கை ஏற்கவில்லை. தம் மறைமாவட்டத்திற்கு அவ்வாண்டில் வழங்கிய இறுதி உரையிலே, பாதுகாப்பற்ற தமிழர்மீது சிங்களவர் நடத்திய வன்செயலை அறத்தின் பேரால் நியாயப்படுத்த இயலாது என்று அறுதியிட்டார். அவ்வெட்கத்தைச் சிங்களவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். தாம் எவர்மீதும் கையோங்காதவர். எனினும் தம்மை விலக்கி வைத்துக்கொண்டு ‘அவர்கள்’ என்று சுட்டினாரல்லர். ‘நாங்கள்’ என்றே பேசினார். அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் அவர் மறைந்தார். வயது ஐம்பத்தாறு.

அன்பர்களே! அவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து செல்வது நமக்கு எளிது. நம் துயரை உணர்ந்த சிங்களவர் ஒருவர் இருந்தார் என்று மகிழ்ந்து அமைவதும் எளிது. ஆயின் அவர் ஏந்திய அளவுகோல் நம் கைக்கும் உரியது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களுக்குத் துணைநின்ற தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள், தமிழர் விடுதலையின் பேரால், பிறந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மாற்றார் நமக்கிழைத்த கொடுமையைப் பட்டியலிடும் நாம், இவற்றையும் அதே குரலில் சொல்லத் துணிகின்றோமா? சொன்னால் நம் உரிமைக் குரல் வலுவிழக்கும் என்று அஞ்சுவோர் இந்த ஆயரை நோக்கட்டும். தம்மவரின் தவறைச் சொன்னதனாலேயே அவர் சொல்லுக்குப் பிறர் செவிசாய்த்தனர்.

குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. காணியுறுதியற்ற தோட்டக் குடும்பங்களோ இன்றும் பலவுள. அவர்களுக்குக் காணி கேட்போம். அயலிலுள்ள சிங்கள உழவனின் நீர்வாய்க்காலுக்கும், முஸ்லிம் வணிகனின் பாதுகாப்புக்கும் சேர்த்தே கேட்போம். மூவினமும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் தனித்து ஓரினத்துக்கு மட்டும் நீதி விளையாது.