பங்காளிகள் ஜெயித்த கதை



தொழிலை வளர்ப்பது போட்டியா, கூட்டா? கூட்டுத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி கம்ப்யூட்டர் சிப்பைப் பத்திப் பேசிட்டுப் போனாரு. எங்க சேலத்துப் பக்கம் சிப்ஸுன்னா குச்சிக்கிழங்கு சிப்ஸ்தாங்க! (சிரிப்பு) ரெண்டையும் சேர்த்தே பேசிடறேன்.

இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஜென்மப் பகைங்கிறாரு. 1981-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்குள்ளே போனது இன்டெல் சிப்பு. ஆனா ஐ.பி.எம்.காரங்க ஒரே ஆளை நம்பி இருக்க மாட்டோம், அதே சிப்பைச் செய்ய இன்னொரு கம்பெனியும் வேணும்னுட்டாங்க. 1982-ல் இன்டெல்லே தன் வித்தையை ஏ.எம்.டி.க்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. அப்புறம் சண்டை, கோர்ட்டு, கேஸு. 2009-ல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம்! கூடினப்ப சிப்பு பரவுச்சு. மோதினப்ப வக்கீலுங்க வளர்ந்தாங்க! (கைதட்டல்)

இப்ப நம்ம கதைக்கு வாங்க. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள். ஜவ்வரிசியை இருப்பு வைக்க வசதி இல்லை, கையிலே காசில்லை. வியாபாரி இவர்கிட்டே போய், "அவர் விலையைக் குறைச்சுட்டாரு"ம்பார். அவர்கிட்டே போய், "இவர் குறைச்சுட்டாரு"ம்பார். ரெண்டு பேரும் குறைப்பாங்க. கடைசியில் அது யார் தலையிலே விடியும்? மாசக்கணக்கா வெயில்லே நின்னு கிழங்கு வெட்டுற விவசாயி தலையிலே!

1981-ல் அந்தப் போட்டியாளர்களே சேர்ந்து ஆரம்பிச்சதுதான் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். சரக்கு சங்கத்துக் குடோனுக்கு வரும். இருப்பின் மேல் முன்பணம் கிடைக்கும். வாங்க வர்ற வியாபாரிகள் ரகசிய டெண்டர் போடணும். கவனிங்க ஐயா, போட்டி ஒழியலை, இடம் மாறிடுச்சு! விற்கிறவங்க குறைக்கப் போட்டி போட்ட காலம் போய், வாங்குறவங்க கூட்டப் போட்டி போட்டாங்க!

தனியா ஜெயிக்கணும்னு மக்காச்சோள மாவைக் கலந்தவங்களும் உண்டு. கெட்டது அந்த ஆலை பேர் மட்டுமா? சேலம் ஜவ்வரிசி பேரே கெட்டது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சதே, அது ஒரு முதலாளிக்கா? இல்லை, ஊருக்கு!

நம்மகிட்டே 'பங்காளி'ன்னு ஒரு சொல்லு இருக்கு. சண்டைக்காரனும் அவன்தான்; பங்குக்காரனும் அவன்தான். வரப்புக்குச் சண்டை போடட்டும், வேண்டாங்கலை. பொதுக் கிணத்தை மட்டும் தூர்த்துடக் கூடாது. ரெண்டு பேர் பயிரும் அந்தத் தண்ணியிலேதான் நிக்குது! தொழிலுக்கு அந்தக் கிணறு கூட்டுத்தான் என்று சொல்லி அமர்கிறேன்.