சில்லும் சிறு மோட்டாரும்



தருக்கச் சில்லு ஒன்றைக் கொண்டு, இடையே டிரான்சிஸ்டர் இன்றிச் சிறு மோட்டாரை இயக்கவொண்ணுமா என்று மின்னணுவியல் பயிலும் மாணவர் வினவுவதுண்டு. ஒண்ணாது என்று அடித்துச் சொல்வோர் பலர். அவர்தம் மணிக்கட்டிலேயே அதற்கு மறுப்பு ஓடிக்கொண்டிருத்தலும் கூடும்!

முள்ளுடைய குவார்ட்ஸ் கடிகாரத்தைத்தான் குறிப்பிடுகிறேன். இத்தகைய கைக்கடிகாரம் முதன்முதல் 1969 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இன்று வழங்குவனவற்றில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சில்லு அதனைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாகக் குறைத்து, மோட்டாரின் கம்பிச்சுருளுக்கு நேரே செலுத்துகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவே வகுத்த மோட்டார் அது. சுருளின் இரு முனைகளும் சில்லின் இரு கால்களோடு இணைந்துள்ளன. ஒரு நொடியில் ஒரு கால் உயர்கிறது, மறுநொடியில் மற்றது. மின்னோட்டம் திசை மாறுந்தோறும் காந்தம் அரைச் சுற்றுச் சுழல்கிறது. சுருளின் தடை 2,000 ஓம் எனக் கொள்வோம், 1.5 வோல்ட் மின்கலத்தில் முக்கால் மில்லி ஆம்பியரே பாயும். அதுவும் சில மில்லி நொடிப்பொழுதுதான். சிறு மின்கலம் ஆண்டுக்கணக்கில் உழைப்பதன் மறைபொருள் இதுவே.

பொம்மைக் காரின் மோட்டாரோ வேறு இனம். அதன் சுருளுக்குச் சில ஓம் தடையே உண்டு. சுழலும்போது எதிர் மின்னழுத்தம் தோன்றி ஓட்டத்தை அடக்கும். புறப்படும் கணத்திலோ, சக்கரம் சிக்கி நின்றாலோ, அவ்வடக்கம் இல்லை. நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் கேட்கும். 74எச்சி04 போன்ற சில்லோ, காலொன்றுக்கு 4 மில்லி ஆம்பியருக்கே உறுதி கூறுகிறது. 25 என்பது கடக்கலாகா எல்லை. மோட்டார் அசையாது, சில்லு சுடும்.

இடைப்பட்ட வழியும் உண்டு. மார்க் டில்டன் தோற்றுவித்த ‘பீம்’ ரோபோ மரபினர், எட்டு வாயில்கள் கொண்ட 74ஏசி240 சில்லை விரும்புவர். அதன் ஒவ்வொரு வாயிலும் 24 மில்லி ஆம்பியர் தரவல்லது. நான்கின் உள்ளீடுகளை ஒன்றாகவும், வெளியீடுகளை ஒன்றாகவும் பிணைத்தால் சுமை பகிரப்படும். எஞ்சிய நான்கை மறுமுனைக்கு வைத்து எதிர்க்குறி ஊட்டினால், மோட்டாரை இருதிசையும் சுழற்றலாம். ஆயினும் ஓட்டம் குறைவாகக் கேட்கும் மோட்டாருக்கே இது பொருந்தும்.

எதை வாங்கினும், முதலில் அச்சை விரலால் பிடித்து நிறுத்தி, அம்மீட்டரில் ஓட்டத்தை அளந்து கொள்க. அவ்வெண் சில்லின் வரம்பை மீறுமாயின், தயங்காது டிரான்சிஸ்டரையே நாடுக.