கடவுள் உத்தரவும் ராஜ்ய அந்தஸ்தும்



மத்திய சர்க்காரின் நேர் ஆட்சியிலிருக்கும் ஒரு பிரதேசம் எப்படி ராஜ்ய அந்தஸ்துப் பெறுகின்றது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். சுயமரியாதைக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவிலுள்ள யூட்டாவின் சங்கதியைக் கேட்டால் இது நமது வேலைதான் என்பது விளங்கும்.

அமெரிக்காவில் 1787-ம் வருஷத்துச் சட்டமொன்று, வடமேற்குப் பிரதேசத்தில் 60,000 சுதந்திர ஜனங்கள் சேர்ந்தால் ராஜ்யமாகலாம் என்றது. பின்வந்த பிரதேசங்களுக்கும் அதுவே மாதிரி. அதுவரையில் கவர்னரையும் நீதிபதிகளையும் மேலிருந்து நியமிப்பார்கள். ஜனாதிபதித் தேர்தலில் அங்குள்ளவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பேசலாமே ஒழிய ஓட்டுப் போடக் கூடாது. (காங்கிரஸ் என்றதும் கதர்ச் சட்டையை நினைக்க வேண்டாம்; அவர்களுடைய பார்லிமெண்டுக்கு அந்தப் பெயர்.) முடிவு காங்கிரசின் கையில்தான். 60,000 பேர்கூட இல்லாத நெவாடாவுக்கு, லிங்கனின் தேர்தலை முன்னிட்டு 1864-ல் சுலபமாய்க் கிடைத்துவிட்டது.

யூட்டாவோ 1849-லேயே கேட்டது; 1850-ல் வெறும் பிரதேசமாகத்தான் ஆக்கினார்கள். அங்கிருந்தவர்கள் மார்மன் மதத்தார். ஒருவன் பல பெண்களைக் கட்டிக் கொள்ளும்படி கடவுள் தமக்கு 1843-ல் அறிவித்ததாக அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் சொன்னார். 1852-ல் அதைப் பகிரங்கமாகவே பிரசாரம் செய்தார்கள். பெண்ணுக்குப் பல புருஷர் என்று உத்தரவு போட மட்டும் அந்தக் கடவுளுக்குத் தோன்றவில்லை!

காங்கிரஸ் 1862-ல் தடுத்தது, கடவுள் அசையவில்லை. மத நம்பிக்கையைச் சொல்லிச் சட்டத்தை மீறக் கூடாதென்று 1879-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று, அப்போதும் அசையவில்லை. 1882-ல் பலதார மணக்காரர்களின் ஓட்டுரிமை போயிற்று. 1887-ல் மடத்தின் சொத்தையே பறிமுதல் செய்யச் சட்டம் வந்தது. அது செல்லுமென்று 1890 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. அதே செப்டம்பரில், இனிச் சட்டத்திற்கு அடங்குவதாக மடத்தின் தலைவர் உட்ரஃப் அறிக்கை விட்டார். நிறுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கடவுளே தமக்குக் காட்டினார் என்று பின்னர் சொன்னார். தோழர்களே, 28 வருஷம் காட்டாத கடவுள், சொத்துக்கு ஆபத்து வந்த பிறகு காட்டினாரென்றால் அவர் யார் சௌகரியத்துக்கு ஏற்பட்டவர்?

அப்புறம் காரியம் நடந்தது. 1894-ல் அனுமதிச் சட்டம், 1895-ல் அரசியல் சட்டம் எழுதும் சபை, ஜனங்களின் ஓட்டு. பலதார மணம் என்றென்றைக்கும் கூடாது, எந்த மதச்சபையும் அரசை ஆட்டிவைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த பிறகே, 1896 ஜனவரி 4-ல் யூட்டா 45-வது ராஜ்யமாயிற்று.

இதனால் காங்கிரசை யோக்கியர்கள் கூட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. யூட்டாப் பெண்களுக்கு 1870 முதல் ஓட்டு இருந்தது. பெண்ணடிமையை ஒழிக்கப் புறப்பட்டதாகச் சொன்னவர்கள், 1887-ம் வருஷச் சட்டத்தில் அந்த ஓட்டையும் பிடுங்கிக் கொண்டார்கள்! புருஷன் சொற்படி போடுவார்களாம். பலதார மணக்காரனோடு ஒரு குற்றமுமறியாத பெண்ணும் தண்டனையடைந்தாள்.

ராஜ்யமானதும் புதிய அரசியல் சட்டம் அந்த ஓட்டைத் திருப்பிக் கொடுத்தது. அதே 1896-ல் மார்தா ஹியூஸ் கேனன் என்னும் பெண் டாக்டர் யூட்டாவின் மேல்சபைக்கு நின்றார். பல மனைவிகளையுடைய ஒருவருக்கு அவரும் ஒரு மனைவி. அந்தப் புருஷரும் எதிர்க்கட்சியில் நின்றார். அம்மையார் ஜெயித்தார்; புருஷர் தோற்றார்.