செய்தியைச் சோதித்துப் படியுங்கள்!

(மில் தொழிலாளர் குடும்பங்களின் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2023 மார்ச்சில் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போன்களில் வீடியோக்கள் பறந்தன. திருப்பூரிலும் கோவையிலும் பாடுபட்ட வடநாட்டுத் தொழிலாளர்கள் கலங்கினார்கள். மூட்டை முடிச்சுடன் ரயிலேறியவர்களும் உண்டு.

உண்மை என்ன? எங்கேயோ, எதற்காகவோ நடந்த சண்டைகளின் படங்கள் அவை! பொய்த் தலைப்பை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாடு போலீஸ் மறுத்தது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. வதந்தி அம்பலமாயிற்று. ஆனால், தொழிலாளியைத் தொழிலாளி அஞ்சும்படி செய்துவிட்டதே அந்தப் பொய்!

ஆகவே மாணவர்களே, செய்தி வந்ததும் கேளுங்கள்: சொன்னது யார்? எந்த ஊர்? எந்தத் தேதி? இதை நம்பினால் யாருக்கு லாபம்? படத்தில் தெரியும் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பீகார் தொழிலாளியையே விசாரியுங்கள். விடை கிடைக்கவில்லையா? அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்!

நமது பத்திரிகை சொன்னாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் கற்றுக்கொடுங்கள். படித்த பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை இது!